பழைய வீட்டு கேஸ் ஃபயர்பிளேஸ்: தீக்குச்சி வைத்துப் பற்றவைக்கலாமா?

கேள்வி – 2025 நவம்பர் 14

ஆகஸ்டில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிராம்ப்டனில் ஒரு டவுன்ஹவுஸ் வாங்கினோம். 1996இல் கட்டியது. ஹாலில் கண்ணாடி போட்ட கேஸ் ஃபயர்பிளேஸ் இருக்கிறது. அடித்தகட்டைத் திறந்தால் ஒரு நாப், பக்கத்தில் சிவப்பாக ஒரு பட்டன். நாபில் ஆஃப், பைலட், ஆன் என்று மூன்று நிலை. விற்றவர்கள் கையேடு எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. ஊரில் கேஸ் அடுப்பு பற்றவைக்கிற மாதிரிதான், கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீளமான தீக்குச்சியை வைத்தால் போதும் என்கிறார் என் வீட்டுக்காரர். டிசம்பரில் மதுரையிலிருந்து மாமனார், மாமியார் வருகிறார்கள். குழந்தைக்கு ஒன்றரை வயது. பற்றவைக்கலாமா?

பதில் – நவம்பர் 14, இரவு

கண்ணாடியைக் கழற்றவே வேண்டாம். தீக்குச்சியும் வேண்டாம். அந்தச் சிவப்பு பட்டன்தான் தீக்குச்சி. அழுத்தினால் டக் என்று பொறி வரும்.

எங்கள் வீடு மிசிசாகாவில், 1994இல் கட்டியது. இதே வகை ஃபயர்பிளேஸ்தான், பதினோரு குளிர்காலமாக நானேதான் பற்றவைக்கிறேன். முதலில் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிடுங்கள். நாபை ஆஃபுக்குத் திருப்பி ஐந்து நிமிடம் காத்திருங்கள், கடிகாரம் பார்த்து. பிறகு மண்டிபோட்டு ஃபயர்பிளேஸைச் சுற்றியும் தரையை ஒட்டியும் முகர்ந்து பாருங்கள். கேஸ் வாடை இருந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் நாபை பைலட்டுக்குத் திருப்பி, உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டே சிவப்பு பட்டனை அழுத்துங்கள். கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு நீலச் சுடர் தெரியும். அதுதான் பைலட். சுடர் வந்ததும் கையை எடுத்துவிடக் கூடாது, அரை நிமிடமாவது அழுத்தியபடியே இருக்க வேண்டும். பிறகு மெதுவாக விடுங்கள். சுடர் நின்றால் நாபை ஆனுக்குத் திருப்பி, சுவர் சுவிட்சைப் போடலாம்.

அரை நிமிடம் ஏன் என்றால், பைலட் சுடருக்குள் பென்சில் முனை மாதிரி ஒரு உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். தெர்மோகப்பிள் என்பார்கள். அது சூடானால் ஏறத்தாழ 30 மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கும். கேஸ் வால்வைத் திறந்து வைத்திருப்பது அந்தத் துளி மின்சாரம்தான். சுடர் அணைந்தால் குச்சி ஆறும், மின்சாரம் நிற்கும், வால்வு தானாக மூடிக்கொள்ளும். நம் ஊர் அடுப்புகள் பலவற்றில் இந்த ஏற்பாடு கிடையாது. பொங்கி வழிந்து தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். அதனால் இரண்டையும் ஒரே மாதிரி நினைக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

நவம்பர் 15, காலை

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். வரிசை தப்பு. பற்றவைப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்கியிருக்கக் கூடாது. வாங்கி மூன்று மாதம் ஆன வீடு, எத்தனை வருடமாக யாரும் தொடாத ஃபயர்பிளேஸ் என்றும் தெரியாது. முதலில் லைசென்ஸ் உள்ள கேஸ் டெக்னீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை நாப் ஆஃபிலேயே இருக்கட்டும். ஒன்டாரியோவில் டி.எஸ்.எஸ்.ஏ.வில் (மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு செய்த நிறுவனத்தின் ஆள்தான் கேஸ் வேலையில் கை வைக்கலாம். வருகிறவரிடம் சான்று அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். அவர் வேலை செய்யும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நான் டார்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் இதெல்லாம் கற்றுக்கொண்டேன்.

கையேடு இல்லையென்று கவலை வேண்டாம். அடித்தகட்டுக்குள் நாப் பக்கத்தில் ஒரு உலோகத் தகடு சங்கிலியில் தொங்கும், அல்லது ஒட்டியிருக்கும். மாடல் எண்ணும் பற்றவைக்கும் முறையும் அதில் இருக்கும். அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் கையேடு கிடைத்துவிடும். நான் சொல்வதற்கும் தகட்டில் இருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால் தகட்டில் இருப்பதைச் செய்யுங்கள்.

நவம்பர் 15, மதியம்

இன்னும் ஒன்று விட்டுப்போனது. நாப் இறுகியிருந்தால் இடுக்கி போட்டுத் திருப்பாதீர்கள். கையால் திரும்பவில்லை என்றால் வால்வில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அதை டெக்னீஷியனிடம் விட்டுவிட வேண்டும்.

நவம்பர் 16

கீழே கருத்துப் பகுதியில் ஒருவர், கேஸ் கசிந்தால் வாடை வந்துவிடும், மூக்கே போதும், எதற்கு இத்தனை பயம் என்று எழுதியிருக்கிறார். அந்த வாடை கேஸுக்குச் சொந்தமானதே இல்லை. குழாயில் வருவது பெரும்பாலும் மெத்தேன், அதற்கு வாடை கிடையாது. அழுகிய முட்டை மாதிரி வருவது மெர்காப்டன், வேண்டுமென்றே கலப்பது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் வாடையில்லாத கேஸ் சேர்ந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அங்கே வாடை கலக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. ஆக, வாடை வந்தால் அது அத்தனை உயிர் போனபின் நமக்குக் கிடைத்த எச்சரிக்கை. அதை மதிக்க வேண்டும்.

வாடை வந்தால் என்ன செய்வது என்பதில் நம் ஊர்ப் பழக்கம் கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது. என் மாமியாருக்குச் சிலிண்டர் பழக்கம். இங்கே ஒருநாள் பைலட் பற்றாமல் லேசாக வாடை வந்ததும் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, தரையோடு தரையாகத் துண்டால் விசிற ஆரம்பித்துவிட்டார். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும், அதனால் அந்தப் பழக்கம். இங்கே குழாயில் வருகிற கேஸ் காற்றைவிட லேசு, மேலே போகும். ஏரிக்கரை காட்டேஜ்களில் புரொப்பேன் டாங்க் வைத்திருப்பார்கள், அது சிலிண்டர் மாதிரிதான் கீழே இறங்கும். எதுவாக இருந்தாலும் நின்று விசிறிக்கொண்டிருக்க வேண்டாம். சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியே போய், தெருவில் நின்று கேஸ் கம்பெனியின் அவசர எண்ணையோ 911ஐயோ கூப்பிடுங்கள். கோட்டு போட்டுக்கொள்ள நேரமில்லை என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

நவம்பர் 19

ஒன்றரை வயதுக் குழந்தை என்று எழுதியிருந்தீர்கள். அது மனதை விட்டுப் போகவே இல்லை, அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

2017 ஜனவரி. என் பையனுக்கு அப்போது பதினாறு மாதம், தளர்நடை. ஃபயர்பிளேஸை அணைத்துப் பத்து நிமிடம் இருக்கும். தீ இல்லை, வெளிச்சமும் இல்லை, கறுப்புக் கண்ணாடி மட்டும். அதில் அவன் முகம் தெரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே போய் இரண்டு கையையும் விரித்துக் கண்ணாடியில் வைத்தான். சூடு பட்டதும் கையை எடுக்கத் தெரியவில்லை. அந்த வயதில் அது தெரியாது, உடம்பைச் சாய்த்து இன்னும் அழுத்தமாக ஊன்றினான். நான் சோபாவிலிருந்து எழுந்து போய் இழுப்பதற்குள் இரண்டு உள்ளங்கையும் வெள்ளையாகிவிட்டன. கண்ணாடியில் பத்து விரல் தடம் ஒட்டியிருந்தது. குழாயின் குளிர்ந்த தண்ணீரில் கையைப் பிடித்தபடி இருபது நிமிடம் நின்றேன், பிறகு ஆஸ்பத்திரி. கட்டுப் பிரிக்க மூன்று வாரம் ஆனது. இப்போது அவனுக்குப் பத்து வயது, கையில் தழும்பு இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடியைத் துடைக்க எனக்குப் பல நாள் மனம் வரவில்லை.

எரியும்போது கண்ணாடி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அணைத்த பிறகு ஆற ஒரு மணி நேரம்கூட ஆகும். கண்ணாடி 78 டிகிரிக்கு மேல் சூடாகும் மாடலாக இருந்தால் முன்னால் பாதுகாப்பு வலை வைத்தே விற்க வேண்டும் என்பது 2015 ஜனவரியிலிருந்து தயாராகிறவற்றுக்கு வந்த விதி. உங்களுடையது 1996, என்னுடையது 1994. இரண்டிலும் வலை இருக்காது. தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். மெல்லிய வலைத்திரை வாங்கினால் அதுவும் சூடாகும், அதனால் குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கண்ணாடியிலிருந்து தள்ளி நிற்கிற, சுவரோடு பூட்டுகிற கம்பி வேலிதான் சரி. தீ பார்க்க அழகாக இருக்காதே என்பார்கள். இல்லாவிட்டால் போகிறது.

நவம்பர் 19, சற்றுப் பிறகு

பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். இங்கே குளிரில் தேங்காயெண்ணெய் பாட்டில் கல்லாக உறைந்துவிடும். என் மாமியார் அதை ஃபயர்பிளேஸ் முன்னால் உருக வைப்பார். இட்லி மாவு பொங்கவில்லையென்று பிளாஸ்டிக் டப்பாவோடு கொண்டுவந்து வைப்பார். ஒருநாள் டப்பாவின் ஒரு பக்கம் மட்டும் நெளிந்து உள்வாங்கியிருந்தது. மாவு அந்தப் பக்கம் வெந்தும் போயிருந்தது. எரியக்கூடிய எதுவும் ஒரு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். ஈரக் கையுறை, காலுறை, கம்பளி எதையும் மேலே போட்டுக் காயவைக்கக் கூடாது. மாவை ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள், நன்றாகப் பொங்கும்.

நவம்பர் 23

டெக்னீஷியன் வந்துவிட்டுப் போனார், 170 டாலர் ஆனது, தெர்மோகப்பிள் மாற்ற வேண்டும் என்றார் என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். நல்லது. நானே வாங்கி மாட்டுகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் நான் டெக்னீஷியன் பக்கம்தான். இரண்டு கேஸ் இணைப்பு நடுவில் விரல் நுழையாத இடத்தில் செய்கிற வேலை அது.

உள்ளே இருக்கிற பீங்கான் விறகுக்கட்டைகளை வீட்டை விற்றவர்கள் இடம் மாற்றி அடுக்கியிருந்தார்கள், அதனால்தான் கண்ணாடியில் கரி என்று டெக்னீஷியன் சொன்னது முக்கியம். அந்தக் கட்டைகளை அழகுக்காக இஷ்டத்துக்கு நகர்த்தக் கூடாது. தீ எந்தக் கட்டையில் எங்கே படலாம் என்பதைக் கணக்கிட்டு இடம் வைத்திருக்கிறார்கள். தீ நேராகக் கட்டையில் மோதினால் சரியாக எரியாது, கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் கூடும். அதன் உள்ளே காகிதம், சாம்பிராணி, தேங்காய் நார் எதையும் போட்டு எரிக்கவே கூடாது.

பற்றவைத்ததும் கண்ணாடி வியர்த்தாற்போல் மங்குகிறதே என்று பயப்பட வேண்டாம். கேஸ் எரிந்தால் நீராவி வரும், சூடேறினதும் போய்விடும். முதல் பத்து நிமிடம் தீ நீலமாக இருக்கும், பிறகுதான் மஞ்சளாகும். ஒவ்வொரு வருடமும் முதன்முதலாகப் பற்றவைக்கிற நாளில் தூசி கருகும் வாடை வரும். அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், சரியாகிவிடும்.

நவம்பர் 30

இத்தனை நாள் வாடையைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு அதிகம் பயம் வாடை வராததில்தான்.

2008இல், இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் உள்ள வுட்ஸ்டாக்கில் ஹாகின்ஸ் குடும்பம், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் கார்பன் மோனாக்சைடில் செத்துப்போனார்கள். அம்மா ஒன்டாரியோ மாகாணப் போலீசில் வேலை பார்த்தவர். காரணம் கேஸ் ஃபயர்பிளேஸ்தான். புகை வெளியே போகிற குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. வீட்டில் மோனாக்சைடைக் காட்டிக்கொடுக்கிற அலாரம் இல்லை. அந்த அம்மாவின் உறவினர் ஜான் கிக்னாக் வருடக்கணக்காக அலைந்து போராடி, 2013இல் ஹாகின்ஸ்-கிக்னாக் சட்டம் நிறைவேறியது. ஒன்டாரியோவில் நம் வீட்டுச் சுவரில் சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) அலாரம் கட்டாயம் என்பது அந்த நாலு பேரால் வந்தது. நான் வீடு வாங்கியபோது இது எனக்குத் தெரியாது, தெரிந்த நாளிலிருந்து அந்த அலாரத்தை வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

கேஸில் கலந்த வாடை எரியும்போதே தீர்ந்துவிடும். எரிந்தபின் வருகிற மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கு மேல் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல். ஃப்ளூ மாதிரியே இருக்கும், காய்ச்சல் மட்டும் இருக்காது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலித்து, வெளியே போனால் விடுகிறது என்றால் உடனே வெளியேறி 911ஐக் கூப்பிட வேண்டும்.

இப்போது என் கதை. 2019 பிப்ரவரி, இரண்டு நாள் பனி. ஃபயர்பிளேஸ் எரிந்துகொண்டிருந்தது. தீ ஒரு மாதிரி சோம்பலாகி, பர்னரை விட்டு எழும்பி மிதக்கிற மாதிரி ஆடியது, பிறகு பைலட்டோடு அணைந்தது. பற்றவைத்தேன். கால் மணியில் மறுபடி அணைந்தது. மறுபடி பற்றவைத்தேன். மூன்றாவது தடவை நாபை அழுத்தப் போகும்போதுதான் கை நின்றது. இது ஏன் அணைந்துகொண்டே இருக்கிறது என்று ஏன் கேட்கவில்லை? பூட்ஸ் போட்டுக்கொண்டு பக்கவாட்டுச் சந்துக்குப் போனால், வென்ட், அதாவது புகைக்குழாயின் வெளிவாய், இருக்கிற இடமே தெரியவில்லை. காற்று தள்ளிக்கொண்டு வந்த பனி இடுப்புயரம். அதன்மேல் என் வீட்டுக்காரர் காலையில் வாசலில் இருந்து அள்ளிய பனியும். கையால் தோண்டினேன். உள்ளே வென்ட்டைச் சுற்றி மட்டும் பனி உருகி, திரும்ப உறைந்து, கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு பனிக்கட்டிக் கூடு.

எங்களுடையது டைரக்ட் வென்ட். சுவரில் குழாய்க்குள் குழாய், உள்குழாயில் புகை போகும், வெளிக்குழாயில் எரிவதற்கான காற்று வரும். வீட்டுக்குள் இருக்கிற காற்றை எடுக்காது, கண்ணாடியும் இறுக மூடியிருக்கும். அதனால்தான் காற்றில்லாமல் தீ தானே அணைந்து எங்களைக் காப்பாற்றியது. அதை நான் இரண்டு தடவை எதிர்த்துப் பற்றவைத்திருக்கிறேன்.

உள்ளே வந்து மாடிச் சுவரில் இருந்த அலாரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பழுப்பேறி மஞ்சளாகியிருந்தது. பின்னால் மாற்ற வேண்டிய தேதி: 2012. பட்டனை அழுத்தினால் கத்துகிறது, அதனால் நன்றாக இருக்கிறதென்று இருந்துவிட்டோம். பட்டன் சோதிப்பது பேட்டரியையும் சத்தத்தையும்தான். உள்ளே மோனாக்சைடை உணர்கிற பாகம் ஏழிலிருந்து பத்து வருடத்தில் செத்துவிடும். இன்றைக்கே கழற்றித் தேதி பாருங்கள்.

டிசம்பர் 2

முந்தின குறிப்புக்கு ஒரு திருத்தம். மாடிச் சுவரில் ஒன்று இருந்தால் போதும் என்ற மாதிரி தொனித்திருந்தால் அது தப்பு. தூங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் என்பது இதுவரை உள்ள விதி. 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் கேஸ் சாதனமோ ஃபயர்பிளேஸோ ஒட்டின கராஜோ இருக்கிற வீட்டில் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். மாமனார், மாமியார் பேஸ்மென்ட்டில் படுக்கப் போகிறார்கள் என்றால் ஜனவரிவரை காத்திருக்காதீர்கள், அங்கேயும் ஒன்று இப்போதே மாட்டிவிடுங்கள்.

டிசம்பர் 9

கரண்ட் போனால் எரியுமா என்று இன்னொருவர் கேட்டார். பைலட் எப்போதும் எரிகிற பழைய வகை எரியும். தெர்மோகப்பிளுக்குப் பக்கத்தில் தெர்மோபைல் என்று இன்னொன்று இருக்கும், அது பைலட் சூட்டிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் தரும், சுவர் சுவிட்சுக்கு அது போதும். ஃபேன் மட்டும் ஓடாது. புது வகையில் பைலட் தேவைப்படும்போதுதான் பற்றும், அதற்கு பேட்டரி வேண்டும். பேட்டரிப் பெட்டி எங்கே என்று இப்போதே பார்த்து வையுங்கள், இருட்டில் தேட முடியாது.

2013 டிசம்பர் பனிக்கட்டிப் புயலில் டொரொன்டோவில் மட்டும் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. நாங்கள் அப்போது ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தோம். மேல்வீட்டு அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், ‘மேல வாங்கோ, இங்க நெருப்பு இருக்கு’ என்று கூப்பிட்டு, மூன்று ராத்திரி அவர்கள் ஃபயர்பிளேஸ் முன்னால் இரண்டு குடும்பமும் படுத்தோம். எதிர்வீட்டில் கரி அடுப்பை ஹாலுக்குள் கொண்டுவரப் போனதைப் பார்த்து அக்கா ஓடிப்போய்த் தடுத்தார். அவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு ஃபயர்பிளேஸ் மேல் மரியாதை வந்தது அந்த மூன்று ராத்திரியில்தான். இவ்வளவு எழுதுவதும் அது வேண்டாம் என்று சொல்வதற்காக இல்லை.

டிசம்பர் 10

கோடையில் பைலட்டை அணைக்கலாமா என்ற விவாதம் நீள்கிறது. பைலட் மணிக்கு 800 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கிற அலகு) எரிக்கிறது என்று வைத்தால் மாதம் 16 கன மீட்டர் கேஸ் வரும், அதனால் நான் மே மாதம் அணைத்துவிடுவேன். எரியவிட்டால் சிலந்தி வராது என்று ஒருவர் சொன்னது நியாயம்தான். ஒரு செப்டம்பரில் பைலட் பற்றாமல் போய், டெக்னீஷியன் பைலட்டுக்கு கேஸ் வருகிற ஊசித்துளையிலிருந்து எடுத்தது சிலந்திக்கூடுதான். இருந்தாலும் அணைப்பதை நான் மாற்றவில்லை, இலையுதிர்காலத்தில் சர்வீஸ் செய்யாமல் பற்றவைப்பதில்லை.

2026 ஜனவரி 18

மாமியார் வந்ததும் முதல் வேலையாகத் தேங்காயெண்ணெய் பாட்டிலைத்தான் தூக்கிக்கொண்டு போனார் என்று கேட்டவர் எழுதியிருந்ததைப் படித்தேன். வேலி மாட்டியாயிற்று, அலாரம் மூன்று தளத்திலும் இருக்கிறது என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி!

வென்ட் எங்கே என்று எப்படி நினைவு வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். 2019க்குப் பிறகு நான் செய்வது: நவம்பரில் தரை இறுகுவதற்கு முன்னால் வென்ட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிவப்புக் குச்சி நட்டுவிடுகிறேன், டிரைவ்வே ஓரத்தில் நடுவார்களே, அதே குச்சிதான். பனி அள்ள வருகிற பையன்களுக்கும் சொல்லியிருக்கிறேன், குச்சிக்கு நடுவில் கொட்டக் கூடாது. நேற்று ராத்திரி நன்றாகப் பெய்தது. காலையில் துடைப்பத்தோடு போனேன், மண்வாரி போட்டால் வென்ட் மூடி நசுங்கிவிடும். குச்சிகளின் நுனி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து பற்றவைத்தேன். சரி, உங்கள் வென்ட் பின்பக்கம் டெக் (மரமேடை) அடியில் என்றால் அங்கே குச்சி நிற்காது. கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டி, டெக்கில் இருந்து தள்ளுகிற பனி அந்தப் பக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெக் அடியில் வென்ட் இருக்கலாமா, எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதையும் அடுத்த முறை டெக்னீஷியனிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.